அந்த மிருகம் என்ன சொல்லுது?

போன செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ராட்சத மிருகம் முதல்முறையாகக் கத்தியது.

‘முதல்முறையாக’ என்பதைக் கவனியுங்கள். அதே மிருகம், அதே டிவியில் பல தடவை வந்து போயிருக்கிறது. ஊரை மிதித்திருக்கிறது. ரயிலைத் தூக்கி முறுக்கு மாதிரி கடித்திருக்கிறது. ஆனால் ஒருநாளும் அது வாயைத் திறந்து சத்தம் போட்டதில்லை. அதாவது... போட்டிருக்கும். நான்தான் கேட்டதில்லை.

குழப்பமாக இருக்கிறதா? எனக்கும் ஒரு வாரமாகத் தெளியவில்லை. அதனால்தான் நேராக உங்களிடம் வந்துவிட்டேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பழக்கம் தெரியும். எனக்குப் பழைய மிருகப் படங்கள் பிடிக்கும். காட்டு யானை, புலி இல்லை. கடலுக்குள்ளிருந்தோ பூமிக்குள்ளிருந்தோ கிளம்பி வந்து கட்டடங்களை இடிக்குமே, அந்த மாதிரி. அதிலும் பெரிய செலவில் எடுத்தது பிடிக்காது. கையில் காசில்லாமல் யாரோ நாலு பேர் சேர்ந்து எடுத்த வெளிநாட்டுப் படமாக இருக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. சீந்துவார் இல்லை. நான் சீந்துகிறேன்.

ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த மிருகத்தின் முதுகில் ஜிப் தெரியும். பறக்கிற பூச்சிக்கு மேலே கயிறு தெரியும். கவிழும் லாரிக்கு அடியில் ‘இது பொம்மைதான்’ என்று சத்தியம் செய்கிற மாதிரி சின்னச் சின்னச் சக்கரங்கள் தெரியும். கதாநாயகி எப்போதும் சமதளத்தில் ஓடும்போதுதான் தடுக்கி விழுவாள். இருந்தாலும், அந்த ரப்பர் உடைக்குள்ளே ஒரு ஆள் வேர்த்து விறுவிறுத்து, மூச்சு முட்ட முட்ட, நம்மைப் பயமுறுத்திவிட வேண்டும் என்று பாடுபடுகிறான் அல்லவா? அவனைப் பார்த்தால் எனக்கு மனசு இளகிவிடும். பயமே வராது. ‘பாவம், ஒரு டம்ளர் மோர் கொடுங்கப்பா’ என்றுதான் தோன்றும்.

சரி, ஏன் சத்தமில்லாமல் பார்த்தேன்? நெய்வேலிக்காரர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் அந்தோணி, சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்த்தவர். பக்கெட் வீல் என்று ஒரு மிஷின். மாடி மாடியாக உயர்ந்து நிற்கும். சக்கரம் சுற்றிச் சுற்றி மண்ணைத் தின்னும். அதில்தான் அவருக்கு வேலை. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, குளித்து, சாப்பிட்டு, காலையில் படுப்பார். அவர் படுத்துவிட்டால் எங்கள் குவார்ட்டர்ஸே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நைட் ஷிப்ட் வாரத்தில் குக்கர் கிடையாது, விசில் அடிக்குமே. வடித்த சோறுதான். மிக்ஸியும் கிடையாது, சட்னிக்குப் பதில் பொடி. காலிங் பெல்லின் ஒயரைக் கழற்றி வைத்துவிடுவோம். எங்கள் மகள் ஜெனி இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். மீட்டிங்கில் அவள் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை என்று இன்றைக்கும் புகார் வருகிறதாம். வளர்ப்பு அப்படி.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்க்கலாமே என்பீர்கள். மாட்டலாம். வாசலில் கீரைக்காரம்மா வந்து குரல் கொடுக்கும் முன் ஓடிப்போய் வாயில் விரலை வைத்துக் காட்ட வேண்டுமே, அது யார் செய்வது? எனவே காது எனக்குத் தேவை. டிவிக்குத்தான் வாய் தேவையில்லை.

அப்படியாகத்தான் பகல் பகலாக ஊமைப்படம் பார்த்தேன். கீழே எழுத்து ஓடுகிற வசதி அந்தப் பழைய படங்கள் பலவற்றில் கிடையாது. அதனால் என்ன? வசனத்தை நானே போட்டுக்கொண்டேன். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே, மனசுக்குள், எல்லோருக்கும் நானே பேசுவேன். விஞ்ஞானிக்கு, போலீஸுக்கு, கதாநாயகிக்கு, முக்கியமாக அந்த மிருகத்துக்கு.

எனக்கு மிகவும் பிடித்த படம் ஒன்று உண்டு. பெரிய பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு மிருகம் ஏறி வருகிறது. ஒரு கை கொஞ்சம் லூஸாகத் தொங்கும். என் கதைப்படி அது ஒரு தாய். அதன் குட்டியைக் கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து வைத்திருக்கிறான் ஒரு மீசைக்கார விஞ்ஞானி. அதைத் தேடித்தான் ஊருக்குள் வருகிறது. ஜன்னலோரம் நின்று கண்ணீர் விடும் ஒரு இளம்பெண் மட்டும்தான் அதன் துக்கத்தைப் புரிந்துகொள்கிறாள். கடைசியில் எல்லோரும் சுட்டு, அது மறுபடி பள்ளத்துக்குள் விழுகிறது. ஒவ்வொரு தடவையும் உச்சுக்கொட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாம்பாருக்குப் புளி கரைக்கப் போவேன்.

இந்தக் கதையைச் சில மாதங்களுக்கு முன் இதே பக்கத்தில் உங்களுக்கும் சொன்னேன். தாய்மையைப் பற்றி இரண்டு பத்தி வேறு எழுதினேன். ஞாபகம் இருக்கிறதா? மறந்துவிட்டால் நல்லது.

சரி. இவர் ரிட்டயர் ஆகிவிட்டார்.

ரிட்டயர் ஆனால் சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது? எனக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. இவருக்குச் சொந்த ஊர் தெற்கே, திசையன்விளைப் பக்கம். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் டீ டம்ளரோடு பின்பக்கக் கதவில் சாய்ந்து தெற்கே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் வழி நெடுக ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருப்பார். இதற்கு என்ன அர்த்தம்? ஊர் ஏக்கம். வேறென்ன?

ஆகவே நானே முந்திக்கொண்டேன். என் கொழுந்தனார் சேவியருக்குப் போன் போட்டு, “உங்க அண்ணனுக்கு ஊரோட வந்துடணும்னு ஆசை” என்றேன். சேவியரும் மாடியைக் காலி செய்து வெள்ளையடித்துவிட்டார். நான் பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன்.

எனக்குப் போக இஷ்டமா என்று கேட்கிறீர்களா? இல்லை. துளிகூட இல்லை. நான் பண்ருட்டிக்காரி. கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தவள். இந்த நகரியத்தின் நிழலான ரோடுகளில்தான் சைக்கிள் கற்றுக்கொண்டேன். என் சினேகிதிகள், என் கோயில் பாட்டுக் குழு, என் லைப்ரரி, எல்லாம் இங்கே. ஐம்பத்தேழு வயதில் வேரோடு பிடுங்கி வேறு மண்ணில் நடு என்றால் எப்படி? பெட்டி கட்டும்போது அழுகை அழுகையாக வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷம் மண்ணைத் தின்கிற மிஷினோடு மல்லுக்கட்டிய மனுஷன், கடைசியில் ஒன்றே ஒன்று ஆசைப்படுகிறார். அதற்கு நான் குறுக்கே நிற்பதா?

இந்த நிலைமையில்தான் செவ்வாய்க்கிழமை வந்தது.

பெட்டிகளுக்கு நடுவே கத்திரிக்காய் நறுக்க உட்கார்ந்து நான் வழக்கம்போல அந்தப் படத்தைப் போட்டேன். இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பகலில் இவர் ஹாலில் விழித்திருப்பதே எங்கள் வீட்டுக்குப் புதுசு. கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏன் சத்தத்தைக் காணும்? டிவி ரிப்பேரா?”

“இல்லைங்க. பழக்கம்.”

“இப்பதான் யாரும் தூங்கலையே” என்று ரிமோட்டை வாங்கி சத்தத்தைக் கூட்டினார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்தக் கதைதான்.

முதலில் மிருகம் கத்தியது. தாய் மாதிரி இல்லை, தகரக் கதவை இழுத்த மாதிரி இருந்தது. பிறகு மனிதர்கள் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு இங்கிலீஷ் ஓரளவு புரியும். புரியாமலே இருந்திருக்கலாம். ஜன்னலோரம் அழுதாளே, அந்த இளம்பெண், அவள்தான் வில்லி. மிருகத்தை ஊர் மேல் ஏவிவிட்டதே அவள்தான். அழவில்லை, கண்ணில் ஏதோ மருந்து போட்டுக்கொள்கிறாள். மீசைக்கார விஞ்ஞானிதான் ஊரைக் காப்பாற்றப் பாடுபடுகிற நல்லவர். குடுவையில் இருந்தது குட்டி இல்லையாம். ஆராய்ச்சிக்கு வைத்திருந்த தவளையாம்.

இவ்வளவு நாளும் நான் யாருக்காக அழுதேன்?

இவருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் கவலை வேறு. “இதென்ன, இம்புட்டுத்தான் உயரமா? எங்க மிஷின் இதைவிடப் பெரிசு” என்றார். மிருகம் பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றதும், “இந்த வெயிட்டுக்கு ஓரத்துல நின்னா மண்ணு சரிஞ்சிடும். உள்ள போகச் சொல்லு” என்று பதறினார். அவ்வளவு ரசித்துப் பார்த்தார்.

அப்போதுதான் கதவை யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டுச் செல்வி. நகரியத்தை ஒட்டியிருக்கிற வடக்குத்து கிராமத்துப் பெண். மூச்சு வாங்க நின்றாள்.

“அக்கா, இன்னா சத்தம் உங்க வூட்ல? அவரு நைட்டு முடிச்சிட்டு வந்து இப்பதான் படுத்துகினு இருந்தாரு. திடுக்குனு எழுந்து, மைன்ஸ்ல என்னமோ ஆயிடுச்சுன்னு பேன்ட்ட மாட்டிகினு கெளம்பிட்டாரு. நான்தான் கையப் புடிச்சி நிறுத்தி வச்சிருக்கேன்.”

மிருகம் கத்தினால் உலகத்தில் எல்லோரும் எதிர்ப்பக்கம் ஓடுவார்கள். எங்கள் ஊர்க்காரர் டூட்டிக்குக் கிளம்புகிறார்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வாழ்நாளெல்லாம் ‘உஷ்’ என்று சொல்லி வாழ்ந்தவர், அடுத்தவன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டார். செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்குப் போய், “தம்பி, ஒண்ணும் ஆகலை. படம்தான். மன்னிச்சுக்கப்பா, போய்ப் படு” என்று சொல்லிவிட்டு வந்தார். வந்ததும் முதல் வேலையாக டிவி சத்தத்தை மொத்தமாக நிறுத்தினார்.

மிருகம் மறுபடி ஊமையானது. எனக்கு உயிர் வந்தது.

ஊரில் பாதியை இடித்துவிட்டு, ஒரு புகைபோக்கிக்குப் பக்கத்தில் மிருகம் நின்றது. இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது.

“இப்ப அது என்ன சொல்லுது?” என்றார் இவர், மெல்லிய குரலில்.

“‘என் ஊருக்கே போறேன்’னு சொல்லுது” என்றேன். இந்த இடத்தில் நான் எப்போதும் போடுகிற வசனம் அது.

இவர் தலையைச் சாய்த்து அதையே பார்த்தார். “எனக்கு அப்படித் தெரியலையே.”

“பின்ன என்ன சொல்லுதாம்?”

“‘நான் இங்கயே இருந்துக்கறேனே’ன்னு கேக்குது.”

“யார்கிட்ட?”

“அதான் தெரியலை அதுக்கு. யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாமத்தான் பில்டிங்கை உடைச்சுக்கிட்டு நிக்குது.”

கையில் இருந்த கத்திரிக்காயைக் கீழே வைத்தேன். “ஏன், அதுக்கு ஊருக்குப் போகப் பிடிக்கலையாமா?”

“அங்க போய் அது என்ன பண்ணும்? சின்ன வயசுல கெளம்பி வந்தது. அங்க இருக்கற மிருகத்துல பாதி இப்ப உசுரோட இல்லை. மீதிக்கு இதை அடையாளம் தெரியாது. ரெண்டு நாள் நல்லாக் கவனிப்பாங்க. மூணாம் நாள் ‘எப்பக் கெளம்புறீக’ன்னு கேப்பாங்க.”

“அப்பறம் எதுக்காம் தெனமும் டீ டம்ளரைக் கையில வச்சுக்கிட்டுப் பின்பக்கக் கதவுல நின்னு தெக்கயே பாத்துச்சு?”

படத்தில் பின்பக்கக் கதவும் கிடையாது, டீ டம்ளரும் கிடையாது. இருவருக்கும் அது தெரியும்.

“தெக்க எங்க பாத்துச்சு? ராத்திரி முழுக்க மிஷின் சத்தம். காதுக்குள்ள இரைஞ்சுக்கிட்டே இருக்கும். அது அடங்கணும்ல, அதுக்காக நின்னுச்சு. கதவு அந்தப் பக்கம் இருந்துச்சு. அவ்வளவுதான்.”

“பஸ்ஸுல ஜன்னல் பக்கமே முகத்தை வச்சுக்கிட்டு வந்துச்சே?”

“வாந்தி வரும்.”

வாந்தியா? இத்தனை கிறிஸ்துமஸும் நான் பக்கத்தில் உட்கார்ந்து இவர் ஏக்கத்தை எண்ணி எண்ணிக் கலங்கியது... வாந்திக்கா?

“என்னங்க, இதெல்லாம் அது சொல்றதா, நீங்க சொல்றதா?”

“அது சொல்றது” என்றார். டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம், “நானும்தான்” என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பெரிதாகச் சிரித்தால் பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி டூட்டிக்குக் கிளம்பிவிடுவார் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். “எனக்கும் போக வேணாங்க. எனக்கு இந்த ஊரை விட்டுட்டு இருக்க முடியாது. தெனமும் பெட்டி கட்டிக்கிட்டே அழுதேன்” என்று சொல்லியும் விட்டேன்.

இவர் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார். “நீதானே சேவியருக்குப் போன் போட்டே? நீதானே பெட்டி வாங்கிட்டு வரச் சொன்னே? சரி, இவளுக்கு அங்க போய் இருக்கணும்னு ஆசைபோல, அதைக் கெடுப்பானேன்னு நானும் பேசாம இருந்துட்டேன்.”

யோசித்துப் பாருங்கள். இரண்டு பேருக்கும் போக வேண்டாம். இரண்டு பேரும் அடுத்தவருக்காகக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் லாரி வந்து சாமானை ஏற்றியிருக்கும். அங்கே போய் மாடியில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ‘பாவம், எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க’ என்று கடைசி வரை நினைத்துக்கொண்டு காலத்தைத் தள்ளியிருப்போம்.

அன்று மாலையே சேவியருக்குப் போன் போட்டேன். மாடிக்கெல்லாம் வெள்ளையடித்தாரே, எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். சேவியர் போனைக் கையால் மூடுவதாக நினைத்துக்கொண்டு, “ஏட்டி, அவுக வரலையாம்” என்று உள்ளே குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து என் ஓரகத்தி, “மாதாவே, உமக்கு ஸ்தோத்திரம்” என்றது தெளிவாகக் கேட்டது.

சேவியர் மறுபடி லைனுக்கு வந்தார். “ரொம்ப மன வருத்தமா இருக்கு மதினி” என்றார்.

செல்வி எங்களுக்காக வடக்குத்தில் வாடகைக்கு வீடு பார்க்கிறாள். “எங்க ஊரு பக்கம் வந்துடுங்கக்கா. உங்க கோயிலுக்கும் வரலாம், லைப்ரரிக்கும் வரலாம், சைக்கிள்லயே வரலாம்” என்கிறாள். நேற்று ஒரு வீடு பார்த்தோம். கிணற்றடியில் பலா மரம் இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. இவருக்குப் பிடித்திருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். பிடித்திருப்பதாகத் தெரிந்தது. உடனே சுதாரித்துக்கொண்டு, வாயைத் திறந்து கேட்டேன். “பிடிக்கலை, பாத்ரூம் ரொம்பச் சின்னது” என்றார்.

பார்த்தீர்களா?

இதில் எனக்கு இன்னும் புரியாதது ஒன்றுதான். இத்தனை காலம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனுஷன், இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே? ஒரு ரப்பர் மிருகம் வந்து நடுவில் நிற்க வேண்டியிருந்ததா? கேட்டேவிட்டேன். “ஏங்க, உங்க வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள நீ சொல்லி முடிச்சிடுவியே, ஸ்டெல்லா. நான் சொல்றதைவிட அது நல்லாவும் இருக்கும். சரி, அதுவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுடுவேன்.”

கோபப்படுவதா, குளிர்ந்து போவதா? இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை.

வேறு வீடு அமையும்வரை இருக்கட்டும் என்று, கட்டிய பெட்டிகளையெல்லாம் பிரித்துப் பாத்திரங்களைத் திரும்ப அடுக்கியாயிற்று. நடுவில் படமும் பார்க்கிறோம். செல்வி வீட்டில் இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட். பகலில் தூங்க ஆளில்லை, தாராளமாகச் சத்தம் வைக்கலாம். வைத்தும் பார்த்தோம். சரிப்படவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு வசனம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் கதையும் என் கதையும் ஒருநாளும் ஒத்துப்போவதில்லை.

அதனால்தான் இந்தத் தடவை முன்ஜாக்கிரதையாக, இதை எழுதி முடித்ததும் அவருக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“எல்லாம் சரியா இருக்கா?”

“பாதி” என்றார்.

எந்தப் பாதி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மனுஷன் சிரிக்கிறாரே தவிர, சொல்ல மாட்டேன் என்கிறார்.